ட்ரோன் காகிள்ஸில் கேம்: இரண்டு வருடம் ஆடிய பிறகு

போன வாரம் இரண்டாவது விடிஎக்ஸையும் (படத்தைக் காற்றில் அனுப்பும் சின்ன வீடியோ டிரான்ஸ்மிட்டர்) கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் கூட வேலை பார்க்கும் தம்பி வந்து, "அண்ணா, எஃப்பிவி காகிள்ஸ்ல பிசி கேம் ஆடலாமாமே, நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

எஃப்பிவி காகிள்ஸ் என்பது ட்ரோன் கேமரா பார்ப்பதை ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே காட்டும், முகத்தில் மாட்டும் திரை. என்னிடம் இருப்பது அனலாக் பாக்ஸ் காகிள்ஸ், 800 × 480 திரை. லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ-யை ஏவி-யாக, அதாவது பழைய டிவி-க்குப் போகும் அனலாக் சிக்னலாக மாற்றும் சின்ன டப்பா, அதன் பின்னால் 25 மில்லிவாட் விடிஎக்ஸ், அங்கிருந்து 5.8 ஜிகாஹெர்ட்ஸில் படம் நேராகக் கண்ணுக்கு. விஆர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது.

இரண்டு வருடமாக என்னைப் படுத்துவது எழுத்துதான். ஏவி சிக்னலில் வெளிச்சத்தை விட நிறத்துக்குத் துல்லியம் ரொம்பக் குறைவு. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எண் வந்தால் ஈரத் தாளில் மை ஊறியது போலப் பரவிவிடும். மிச்சம் 3 தோட்டாவா 8 தோட்டாவா என்று தெரியாமலே எத்தனை ஆட்டம் தோற்றிருக்கிறேன்! ரெசல்யூஷனை 1280 × 720-க்கு இறக்கி, கேமுக்குள் எழுத்தைப் பெரிதாக்கினேன். வெள்ளை எழுத்து தேறியது, சிவப்பு தேறவே இல்லை. போதாததற்கு ஓரங்கள் வெட்டுப்படுவதால் மூலையில் உள்ள மேப் பாதிதான் தெரியும்.

அப்புறம் சூடு. விடிஎக்ஸ் பறக்கும்போது அடிக்கும் காற்றை நம்பிச் செய்த பொருள். மேசையில் பத்து நிமிடம் சும்மா ஓடினால் விரல் வைக்க முடியாது, படத்தில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். முதலாவது அப்படித்தான் போனது. இப்போது பக்கத்தில் சின்ன ஃபேன் வைத்திருக்கிறேன். இரண்டாவது போனது ஆன்டெனா கழன்றிருந்ததைப் பார்க்காமல் பவர் கொடுத்ததால். அதற்கு விடிஎக்ஸைக் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில், லிஃப்ட்ஆஃப் என்ற ட்ரோன் ஓட்டும் சிமுலேட்டரைப் போட்டு, ரேடியோவை (ட்ரோன் ரிமோட்டை) யுஎஸ்பி-யில் செருகி, காகிள்ஸை மாட்டினால் எல்லாம் மறந்துவிடுகிறது. மானிட்டரில் பளிச்சென்று தெரியும் கிளை இதில் மங்கலாக, கடைசி நொடியில்தான் தெரியும். மைதானத்திலும் அப்படித்தான் தெரிகிறது. லேக் இருப்பதாக என் கைக்குத் தெரியவில்லை. மழைக்காலம் முழுக்க இதிலேயே பழகிவிட்டு, வெயில் வந்ததும் நிஜ குவாடை (நாலு விசிறி ட்ரோனை) எடுத்தேன். இரண்டு மரத்துக்கு நடுவே முதல் முறையிலேயே உரசாமல் போனது. மானிட்டரில் மாதக்கணக்கில் பழகியும் எனக்கு அது வந்ததில்லை.

சரி, தம்பிக்குப் பதில்: கேமுக்காக என்றால் வாங்காதே. பணம் இருந்தால் 2022-இல் வந்த டிஜேஐ காகிள்ஸ் 2 போல, கண்ணுக்கு ஒரு 1080பி திரை உள்ள டிஜிட்டல் காகிள்ஸைப் பார். என்னுடையதை விலைக்குக் கேட்டால் தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ஒரு மணி நேரம் மாட்டிப் பார்.