தோற்கும் அணிக்கு முதல் தேவை கையுறை: 13 அங்குல சாஃப்ட்பால் கையுறை பற்றி

சாஃப்ட்பால், பேஸ்பாலைப் போன்றதே, பந்துதான் பெரியது. அதன் பொழுதுபோக்கு லீக்கில் என் அணி புள்ளிப் பட்டியலின் கடைசி வரிசையை விட்டு நகர்வதில்லை. இப்படிப்பட்ட அணியில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் மட்டைக்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். கையுறைக்குச் செலவழியுங்கள் என்பது என் கட்சி. எதிரணியில் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்யும்வரை நாம் களத்தை விட்டு வெளியே வர முடியாது. நம் முறை வரும்போதோ மளமளவென்று மூவரும் ஆட்டமிழந்துவிடுகிறோம். ஆக, ஆட்ட நேரத்தில் பெரும்பகுதி கையில் இருப்பது கையுறைதான்.

நான் வாங்கியது 13 அங்குல நீளத் தோல் கையுறை. பந்தை மெதுவாக, வளைவாக எறியும் ஸ்லோபிட்ச் ஆட்டத்தில் களத்தில் பத்துப் பேர். வெளிக்களத்தில் நிற்கும் நால்வரில் நான் இடது ஓரம். முன்பு இரவல் வாங்கி மாட்டியது பேஸ்பால் கையுறை. பேஸ்பாலின் சுற்றளவு ஏறக்குறைய 9 அங்குலம், நம் பந்துக்கோ 12. பேஸ்பால் கையுறையில் பந்து அடங்கும் குழியில் நம் பந்து பாதிதான் உட்காரும். விரல் நுனியில் பட்டுத் தெறித்துவிடும். புதிய கையுறையின் குழி ஆழமானது. விழுந்த பந்து அங்கேயே அடங்குகிறது.

வந்த புதிதில் தோல் பலகை மாதிரி விறைத்திருந்தது. எண்ணெயைத் துளியளவு தடவி, குழியில் பந்தை வைத்து மடித்து, ரப்பர் பட்டை போட்டு இரவு முழுக்க வைத்தேன். அதைவிடப் பலன் தந்தது பந்து பிடித்துப் பழக்கியதுதான். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் எங்கள் ஷார்ட்ஸ்டாப் அக்கா ஆட்டத்துக்கு முன்பே வந்து, சலிக்காமல் எறிந்துகொண்டே இருப்பார். வெற்றி வாய்ப்பே இல்லாத நாளிலும் அவர் தவறியதில்லை. அந்த எறிதல்களில்தான் தோல் என் கைக்கு இணங்கியது.

குறைகளும் உண்டு. கட்டைவிரல் ஓரத்து வார் முதல் பருவத்திலேயே தளர்ந்தது. மழையில் ஆடிய பிறகு முடிச்சின் நுனி நார்நாராகப் பிரிந்துவிட, வேறு வார் வாங்கி நானே கோத்தேன். மணிக்கட்டில் இருக்கும் ஒட்டுப்பட்டையில் மண் ஏறினால் பிடிப்பு போய்விடுகிறது. நனைந்தால் நிழலில் காயவையுங்கள். வெயில் பட்டால் தோல் வெடிக்கும்.

இருந்தும் இதை விடமாட்டேன். ஓட்ட வித்தியாசம் எக்கச்சக்கமாகி, ஆட்டத்தை முன்கூட்டியே முடித்துவிடும் விதி எந்த நேரமும் வரலாம் என்றிருந்த ஒரு மாலை. உயர எழும்பிய பந்து எல்லைக்கோட்டை நோக்கி விலகிப் போனது. ஓடியபடியே இடக்கையை உடலுக்குக் குறுக்கே நீட்டினேன். கையுறையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வலையின் மேல்விளிம்பில் பட்ட பந்து ஒரு கணம் அங்கேயே நின்று, உள்ளே சரிந்தது. பத்துப் பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், மாற்று ஆட்டக்காரர் உட்பட! வெற்றிக்குக்கூட அதைவிடப் பெரிய ஆரவாரம் எழுந்திருக்காது. இந்த மகிழ்ச்சிக்காகத்தான் ஆடுகிறோம்.

1887-இல் சிகாகோவில் இந்த விளையாட்டு பிறந்தபோது, பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டித்தான் பந்தாக்கினார்கள். அந்த ஊரில் 16 அங்குலப் பந்தை இன்றும் வெறுங்கையால் பிடித்து ஆடுகிறார்கள். 12 அங்குலப் பந்தில் அதை முயல வேண்டாம். கெட்டியானது, விரலைப் பதம் பார்த்துவிடும்.

வெளிக்களத்தில் நிற்பவர்களுக்கு 13 அங்குலம் சரி. உள்களத்தில் பந்தைச் சட்டென்று எடுத்து எறிய வேண்டும் என்பதால் 12 அங்குலம் போதும். வலக்கையால் எறிபவர்கள் இடக்கையில் மாட்டும் கையுறையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் கையில் போட்டு, விரல்களை மடக்கிப் பார்த்துவிடுங்கள்.