மாட வீதியா, பூங்காவா, கடற்கரையா: மயிலாப்பூரில் மாலை நடை

மயிலாப்பூரில் குடியிருப்பவருக்கு மாலை நடைக்கு மூன்று இடங்கள் அருகிலேயே வாய்த்திருக்கின்றன: கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளும் அவற்றை ஒட்டிய தெருக்களும், லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா, மெரினா கடற்கரையின் நடைபாதை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். தொடங்கிய பலரும் சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதால், எந்த இடம் நம்மைத் தொடர்ந்து நடக்க வைக்கிறது என்பதையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

நடக்கும் சுகத்தை மட்டும் பார்த்தால் மெரினாவுக்கு ஈடில்லை. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் அமைந்த அந்த உலாச் சாலையில், கோடையிலும் மாலைக் கடற்காற்று வெப்பத்தைத் தணித்துவிடுகிறது. காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அங்கே போய்விட்டால் திரும்பி நடந்தே ஆக வேண்டும் என்பதால், மனம் சோர்ந்தாலும் 4 கிலோமீட்டர் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நடையைத் தொடங்குவதற்கே வண்டி எடுக்க வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து களைத்து வந்தவர் இவற்றை நினைத்த மாத்திரத்தில் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்.

பூங்காவின் நிலை வேறு. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய அந்தப் பூங்காவில் மரநிழல் உண்டு, வாகனம் இல்லை, உட்கார இருக்கைகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், தனியே நடக்கத் தயங்கும் முதியவர்களுக்கும் இதைவிட நல்ல இடத்தைச் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கோ அந்தச் சுற்றுப்பாதையே ஒரு சோதனை: ஒவ்வொரு சுற்றிலும் வாயில் கண்முன்னே வருகிறது, ஒவ்வொரு முறையும் போதும் என்று கிளம்பிவிடலாம்.

மாட வீதிகளின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் நடைபாதையை நிறைத்திருக்கும். நவராத்திரிக்கு முன்பு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் ஓரமெங்கும் பரப்பப்பட்டிருக்கையில், ஆட்டோக்களுக்கு நடுவே இறங்கித்தான் நடக்க வேண்டும். பங்குனித் திருவிழா நாட்களில் நடையே கிடையாது. லஸ் பக்கம் மெட்ரோ பணிக்கான தடுப்புகள் வேறு. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகமே மிதமான உடலுழைப்புக்கு அடையாளம் என்பார்கள். அந்த வேகம் மாலை ஏழு மணிக்கு மாட வீதிகளில் அரிது, பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில்தான் கிடைக்கும். இவ்வளவு இருந்தும் வேலை நாட்களுக்கு நான் தெருவையே பரிந்துரைக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் நடை தொடங்கிவிடுகிறது. பூவோ கீரையோ வாங்க வேண்டியிருந்தால் அதுவே வெளியே இழுத்துக்கொண்டு போகும். கோயிலை வலம் வரத் தொடங்கியவர் பாதியில் திரும்புவதில்லை என்ற பழைய வழக்கமும் துணை நிற்கிறது.

ஊக்கத்துக்குக் கைப்பேசியின் அடிக்கணக்கை நம்பலாமா, துணையை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பலரும் துரத்தும் 10,000 அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவியின் பெயரால் பரவியது. அதற்குக் குறைவான அடிகளிலேயே நல்ல பலன் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கணக்கு குறைந்த நாளில் மனமும் தளர்ந்துவிடுவது அந்த முறையின் குறை. பக்கத்து வீட்டு அக்கா ஆறு மணிக்குத் தெருமுனையில் காத்திருப்பார் என்பது அதைவிட வலுவான கட்டாயம். அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் நடை நின்றுவிடாதிருக்க, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொள்வது நல்லது.

எந்த இடமானாலும் ஐப்பசி, கார்த்திகையில் பழக்கம் அறுந்துபோகிறது. மழை ஒரு காரணம், இருட்டு இன்னொன்று. சென்னையில் ஜூலைத் தொடக்கத்தில் மாலை 6.35-க்குப் பிறகு மறையும் சூரியன், நவம்பர் நடுவில் 5.40 அளவிலேயே மறைந்துவிடுகிறது. ஆறரை மணிக்கு என்று வைத்துக்கொண்ட நடை அப்போது முழு இருட்டில், தண்ணீர் தேங்கிய தெருவில், பெயர்ந்த வடிகால் மூடிகளுக்கு இடையே நடப்பதாகிவிடும். அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் நேரத்தை முன்னுக்கு நகர்த்த முடிந்தவர்கள் தெருவிலேயே தொடரலாம். முடியாதவர்கள், மழை விட்ட மாலைகளில் விளக்கொளி உள்ள பூங்காவுக்கு மாறிக்கொள்வதே பாதுகாப்பு. கடற்கரையைத் தை பிறந்த பிறகு சனிக்கிழமைகளுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.