சொந்த லொறி, கதவில் கொம்பனிப் பெயர்

டொரொண்டோவில் ஒரு கொம்பனிக்கு இரண்டு வருடம் என் லொறியை லீசில், அதாவது அவர்கள் பெயரிலும் அனுமதியிலும், ஓட்டினேன். சுமைக் கூலியில் 25 வீதம் அவர்களுக்கு. அதில் குறையில்லை: காப்புறுதி, எல்லைக் கடதாசி எல்லாம் அவர்கள் பாடு. 401 நெடுஞ்சாலையில் வின்சர் போய், பாலம் தாண்டி டெட்ரொயிட்டில் இறக்கினால் வெள்ளிக்கிழமை காசு. ஆனால் விலகும்போது, பிடித்து வைத்திருந்த வைப்புப் பணத்தில் 'டிரெய்லர் கீறல்' என்று 600 டொலர் கழித்தார்கள். அவர்களுடைய டிரெய்லரின் பின்கதவில் விரல் நீளக் கீறல். நான் எடுத்த அன்றே இருந்தது. படம் எடுக்காதது என் மடத்தனம்.

இப்போது ஒன்ராறியோ சீவீஓஆரும் (வணிக வாகனம் நடத்துவதற்கான பதிவு) அமெரிக்க எம்சி இலக்கமும் (அங்கே கூலிக்குச் சரக்கு ஏற்றும் அனுமதி) என் பெயரில். சுமைகளைப் பட்டியலிடும் இணையத்தளமான லோட் போர்டில் நானே பேரம் பேசுகிறேன். காப்புறுதிக் கட்டணத்தை வீட்டில் சொல்லவே இரண்டு நாள் எடுத்தது. சுமை பிடித்துத் தரும் புரோக்கரிடமிருந்து காசு வர ஒரு மாதம் தாண்டும். கையில் மூன்று மாதச் செலவுக்குக் காசு இல்லையென்றால் லீசே நல்லது.