கேபினுக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி: பழைய அமெரிக்க பிக்கப்பும் ஆஸ்திரேலிய யூட்டும் நீண்ட நாள் பயன்பாட்டில்

பழைய சரக்கு வண்டி ஒன்றைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் முன்பக்கம் போய் கிரில்லையும் சின்னத்தையும் பார்ப்பார்கள். ஏமாறுவது அங்கேதான். ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் என்ற பெயர்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா இரண்டு நாட்டிலும் ஓடின. முகப்பும் பல ஆண்டுகளில் ஒன்றுபோலவே இருக்கும். பார்க்க வேண்டிய இடம் கதவுக்குப் பின்னால், கேபின் முடிந்து சரக்குப் பெட்டி தொடங்கும் இடம். அங்கே விரலை விட்டுப் பாருங்கள். விரல் உள்ளே போனால் அமெரிக்க பிக்கப் முறை: கேபின் தனி, பெட்டி தனி, இரண்டும் ஒரே சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். கதவின் பின் ஓரத்திலிருந்து டெயில்கேட் (பெட்டியின் பின்கதவு) வரை ஒரே தகடாக ஓடினால் ஆஸ்திரேலிய யூட் முறை. வண்டி எங்கே துருப்பிடிக்கும், எவ்வளவு பாரம் தாங்கும், டிங்கர் வேலை எவ்வளவு இழுக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த ஒரு விரல் இடைவெளிதான்.

யூட்டின் தொடக்கம் ஜீலாங் நகரத்து ஃபோர்டு ஆலை. விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்திலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுபோக ஒரே வண்டி வேண்டும். லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதற்காக இரண்டு கதவு கார் உடலின் பக்கத் தகடுகளைப் பின்னால் நீட்டி, கேபினையும் பெட்டியையும் ஒன்றாக்கினார். 1934-இல் விற்பனைக்கு வந்த அந்த வண்டி 1,200 பவுண்டு, அதாவது சுமார் 545 கிலோ சுமந்தது. பெட்டி நீளம் 5 அடி 5 அங்குலம். அமெரிக்காவில் ஃபோர்டு 1925-இலேயே மாடல் டி-க்கு ஆலையில் செய்த பிக்கப் பெட்டியைக் கொடுத்துவிட்டது. ஆனால் அது காரின் பின்னால் போல்ட் போட்டு ஏற்றிய தனிப் பெட்டி.

கார் முகம் வைத்திருப்பதால் மட்டும் ஒரு வண்டி யூட் ஆகிவிடாது. 1937 முதல் 1939 வரை வந்த ஸ்டூட்பேக்கர் கூப்பே எக்ஸ்பிரஸுக்குக் கார் முகம் உண்டு. பெட்டி தனி, இடைவெளி தெரியும். ஹட்சன் பிக்கப்புகளும் அப்படியே. திருப்பிப் பார்த்தால், 1952-இன் அமெரிக்க ஃபோர்டு கார் முகத்தோடு பக்கத் தகடு ஒரே ஓட்டமாக இருந்தால் அது ஆஸ்திரேலியாவின் மெயின்லைன் யூட். அமெரிக்காவில் மெயின்லைன் என்பது மலிவு விலைக் காரின் பெயர்தான். ஃபோர்டு அங்கே அந்த வகை வண்டியை ரான்செரோ என்ற பெயரில் 1957-இல்தான் கொண்டுவந்தது. செவர்லேயின் எல் கமினோ 1959-இல் வந்தது. இந்த இரண்டும் அமெரிக்கத் தயாரிப்பு, யூட் உடல். முதல் ரான்செரோவில் ஸ்டேஷன் வேகனின் தரை அப்படியே கீழே இருக்க, அதன் மேல் தகடு போட்டுப் பெட்டி ஆக்கினார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே தண்ணீர் தேங்கும். மேல்தகடு பளபளவென்று இருந்தாலும் கீழே படுத்துத் தட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சாட்சி 1961 முதல் 1963 வரையிலான ஃபோர்டு எஃப்-100. செலவைக் குறைக்கக் கேபினையும் பெட்டியையும் ஒரே உடலாகச் சேர்த்து, இடைவெளியையே எடுத்துவிட்டார்கள். பின்னால் பாரம் ஏறினால் சேசிஸ் வளையும். தனிப் பெட்டியில் அந்த வளைவு இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். இதில் அடங்க இடமில்லாமல் கதவுச் சட்டம் கோணியது, பாரம் ஏற்றிய வண்டியில் கதவு இறுகித் திறக்க வராமல் போனது. நான்கு சக்கர ஓட்ட வண்டிகளுக்குத் தனிப் பெட்டியே தொடர்ந்தது. 1964-இல் எல்லாவற்றுக்கும் தனிப் பெட்டி திரும்பிவிட்டது. இன்று இந்த ஆண்டு வண்டி வாங்குபவர்கள் 300 கிலோ மணல் மூட்டையை ஏற்றி, இரண்டு கதவையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் யூட் மட்டும் எப்படித் தாங்குகிறது? அது கார் அளவு பாரத்துக்குச் செய்தது, அந்த அளவுக்குள் ஓடும்வரை தாங்கும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலிய நிறுவனமான ஹோல்டன் 1951-இல் கொண்டுவந்த முதல் யூட், 50-2106 என்ற மாடல், முன் பின் சக்கர இடைவெளி 103 அங்குலம் கொண்ட சிறிய வண்டி; எஞ்சின் 132 கன அங்குலம், 60 குதிரைத் திறன். முக்கால் டன் பிக்கப்பின் வேலையை அதனிடம் கேட்டால், மேல்கூரைத் தூண் பக்கத் தகட்டோடு சேரும் மூலையில் பெயின்ட் முதலில் மயிரிழையாக விரியும். பிறகு தகடே விரியும். அந்த மூலை இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால் வண்டியை மரியாதையாக ஓட்டியிருக்கிறார்கள் என்று நம்பலாம். கூடுதல் பாரம் வேண்டியவர்களுக்காக ஹோல்டன் 1971-இல் எச்.க்யூ வரிசையில் ஒன் டன்னர் கொடுத்தது: யூட் முகம், முழு சேசிஸ், பின்னால் தட்டையான தனித் தட்டு. இடைவெளி உள்ள ஆஸ்திரேலிய வண்டி அது, குழம்ப வேண்டாம்.

யூட்டில் துரு பின் சக்கர வளைவுக்குப் பின்னால், பக்கத் தகட்டின் அடியில்தான் முதலில் பிடிக்கும். வெளித்தகடும் உள்தகடும் அங்கே சேர்கின்றன. சக்கரம் வீசும் மண் நடுவில் நிரம்பி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவிலிருந்து பின்னால் மெதுவாக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள். அடுத்தது பெட்டித் தரையில் ரப்பர் விரிப்புக்குக் கீழே. விரிப்பைத் தூக்கவிடாத விற்பனையாளரிடம் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பழுது பார்க்கும்போதும் இந்த ஒரே தகடு சோதிக்கும். கதவின் கீழ்ப்படியை வெட்டும் முன் கதவு வாய்க்குள் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வைத்து வெல்டு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெட்டியதும் உடல் தொய்ந்து, கதவு திரும்பவும் பொருந்தாது. பெட்டியின் இரண்டு மூலைவிட்ட அளவுகளையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள், வேலை முடிந்ததும் அதே அளவு வர வேண்டும். நீண்ட தட்டையான தகடு என்பதால் தொடர் வெல்டிங் அலை அலையாக இழுத்துவிடும். 20, 25 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் ஆறவிட்டு, நடுவை நிரப்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பட்டி டப்பாவில் போய் முடிப்பார்கள்.

அமெரிக்க பிக்கப்பில் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டே வேலை செய்யலாம். அது பெரிய வசதி. ஆனால் அதே வசதியால்தான் பல வண்டிகளில் கேபின் ஒரு ஆண்டு, பெட்டி இன்னொரு ஆண்டு. செவர்லேயின் 1947 முதல் 1955 தொடக்கம் வரையிலான அட்வான்ஸ் டிசைன் வரிசையைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். பெட்டித் தரை மரப்பலகை: 1951 நடுப்பகுதி வரை 9 பலகை, அதற்குப் பிறகு 8. கதவில் சிறிய முக்கோணக் காற்றுக் கண்ணாடி 1951 முதல். கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடி 1951 வரை, பொத்தான் கைப்பிடி 1952 முதல். நடுவில் கம்பி போட்ட இரட்டை முன்கண்ணாடி 1953 வரை, ஒற்றை வளைந்த கண்ணாடி 1954-இல். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள தகட்டில் வரிசை எண் இருக்கும். அரை டன் வண்டிக்கு ஜி.பி. என்றால் 1949, எச்.பி. 1950, ஜே.பி. 1951, கே.பி. 1952. அதற்கு முன் நிற்கும் எண் ஆலை, 1 என்றால் ஃபிளின்ட். பின்னால் வரும் எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி. அந்தத் தகடு கேபினுக்கு மட்டுமே சாட்சி. எச்.பி. தகடு போட்ட வண்டியில் 8 பலகை இருந்தால் பெட்டி மாறியிருக்கிறது, அல்லது தரை மாற்றியவர் எண்ணாமல் போட்டிருக்கிறார்.

இந்த வரிசையில் 1949 முதல் பெட்ரோல் தொட்டி கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால்; வாய் வலது கதவுக்குப் பின்னால் மேலே. கேபினில் பெட்ரோல் வாடை வந்தால் தொட்டியைக் கழற்றும் முன் வாய்க்குழாயை இணைக்கும் ரப்பர் குழலைப் பாருங்கள், வெடித்திருப்பது பெரும்பாலும் அதுதான். கேபினின் பின்பகுதி சேசிஸோடு ஒரு சின்னத் தொங்கு இணைப்பில் அசையும்படி மாட்டியிருக்கும். அதன் புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் 'டொக்' என்று கேட்கும். ஷாக் அப்சார்பரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மரப்பலகை மாற்றும்போது வெட்டிய முனைகளுக்கு முதலில் எண்ணெய் அல்லது வார்னிஷ் ஊட்டி, அதன்பின் தகட்டுப் பட்டைகளுக்குக் கீழே பொருத்துங்கள். பலகைகளை இறுக்கி நெருக்கினால் முதல் மழைக்காலத்தில் உப்பி நடுவில் எழும்.

வலது ஸ்டியரிங் இருந்தால் ஆஸ்திரேலிய வண்டி என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்து மாற்றியவை ஏராளம். ஃபயர்வாலின் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) இடது பக்கத்தில், ஸ்டியரிங் தண்டு முன்பு நுழைந்த இடத்தில் ஒட்டுத் தகடு தெரிகிறதா என்று எஞ்சின் பக்கமிருந்து விளக்கடித்துப் பாருங்கள். வைப்பர் இரண்டும் ஒரே திசையில் வீசி, வலது தூண் ஓரத்தில் துடைக்காத கீற்று அகலமாக இருந்தால் மாற்றம் உறுதி. மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை: ஹோல்டன் யூட் எஃப்.இ. மாடல் வரும்வரை 6 வோல்ட். செவர்லே பிக்கப் 1955-இன் இரண்டாம் வரிசையிலும் ஃபோர்டு பிக்கப் 1956-இலும் 12 வோல்ட்டுக்கு மாறின.

காசு அதிகம் வீணாவது சக்கரத்தில். செவர்லே அரை டன் பிக்கப்புக்கு 6 போல்ட், போல்ட் வட்டம் (போல்ட்டுகளின் நடு வழியே ஓடும் வட்டத்தின் விட்டம்) 139.7 மில்லிமீட்டர். எஃப்-100-க்கு வட்டம் அதே 139.7, போல்ட் 5. தொடக்க கால ஹோல்டன் 5 போல்ட், 108. எச்.க்யூ ஹோல்டனும் 1964-க்குப் பிந்தைய எல் கமினோவும் 5 போல்ட், 120.65. ஆஸ்திரேலிய ஃபோர்டின் எக்ஸ்.ஏ முதலான ஃபால்கன் யூட் 5 போல்ட், 114.3. ஆறு போல்ட்டில் எதிரெதிர் போல்ட்டுகளின் நடுவை அளந்தால் வட்டம் வந்துவிடும். ஐந்தில் எதிர் போல்ட் கிடையாது. ஒன்று விட்டு ஒன்று அளந்தால் வட்டத்தின் 95 சதவீதம்தான் வரும். எச்.க்யூ-வை அப்படி அளந்தால் 114.7 காட்டும், ஃபால்கன் சக்கரம் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். ஃபால்கனை அளந்தால் 108.7, பழைய ஹோல்டன் போலத் தெரியும். ஒரு நட் மாட்டிக்கொள்ளும், மற்றவை சாய்ந்து இறுகும். ஓட்டத்தில் தளர்ந்து போல்ட் அறுந்துபோகும். அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். அளவு 63.5 வந்தால் வட்டம் 108, 67.2 வந்தால் 114.3, 70.9 வந்தால் 120.65.