இடுப்பு வலிக்கு ஸ்டார்ட் பேக் கேள்வித்தாள்: தினமும் யூஸ் பண்ற பிசியோவோட ரிவியூ

இடுப்பு வலின்னு வர்றவங்ககிட்ட எம்ஆர்ஐ ஃபிலிமை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு பக்கத் தாளைக் கொடுங்கன்னு கூட வேலை பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டே இருக்கேன், அதான் இங்கயும் எழுதுறேன்.

இங்கிலாந்துல கீல் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணது. மொத்தம் 9 கேள்வி, எல்லாம் கடைசி ரெண்டு வாரத்தைப் பத்தி. வலி காலுக்கு இறங்குதா, தோள் கழுத்துலயும் இருக்கா, நடை குறைஞ்சுடுச்சா, டிரஸ் மாத்த லேட் ஆகுதா, இது நாலும் உடம்பு சம்பந்தப்பட்டது. மீதி 5லதான் விஷயமே இருக்கு: அசைஞ்சா ஆபத்துன்னு பயமா, கவலை மனசுல ஓடிட்டே இருக்கா, இது சரியாவே ஆகாதுன்னு தோணுதா, பிடிச்ச விஷயத்துல கூட சந்தோஷம் போச்சா, மொத்தத்துல எவ்ளோ தொந்தரவு. ஸ்கோர் 3 வரைக்கும்னா லோ ரிஸ்க், புரிய வச்சு நடக்கச் சொல்லி அனுப்பிடலாம். 4 இல்ல அதுக்கு மேல வந்தா கடைசி 5ஐத் தனியா எண்ணணும், அதுலயும் 4 வந்துட்டா ஹை ரிஸ்க், வலி மாசக்கணக்குல இழுக்க வாய்ப்பு அதிகம். இல்லன்னா மீடியம், வழக்கமான பிசியோ போதும்.

ஒரு பஸ் டிரைவர் அண்ணன் வந்தார், அம்பது வயசிருக்கும். சேர் நுனியில உக்காந்து ரெண்டு கையையும் தொடையில ஊணிக்கிட்டு, "டிஸ்க் பிதுங்கிடுச்சாம் தம்பி, இனி ஸ்டியரிங் புடிக்க முடியாதுல்ல"ன்னார். குனியச் சொன்னா பாதியிலயே மூச்சைப் புடிச்சுட்டு நின்னுடுறார். கடைசி 5லயும் டிக். வலியே இல்லாத 50 வயசுக்காரங்களை ஸ்கேன் பண்ணாலே 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும்னு 2015ல வந்த தொகுப்பு ஆய்வு சொல்லுது, அதைப் பொறுமையா உக்காந்து பேசினப்புறம்தான் முழுசா குனிஞ்சே பாத்தார். தாள் இல்லன்னா அவருக்கும் பெல்ட்டைக் கட்டி அனுப்பியிருப்போம்.

குறைன்னா, பாக்குற வேலையைப் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல, மூட்டை தூக்குறவருக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவருக்கும் அதே தாள்தான். கூட வந்தவங்களே பதில் சொல்றதும் நடக்கும், விடாதீங்க. இந்த ஸ்கோரை வச்சு ட்ரீட்மென்ட்டைப் பிரிச்சுக் கொடுத்துப் பாத்த ட்ரையல் 2011ல லான்செட்ங்கிற மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, ரிசல்ட் நல்லா இருந்துச்சு, அமெரிக்கால செஞ்சு பாத்தப்ப அந்தப் பலன் வரல. என்னைக் கேட்டா, ஸ்கோரைப் போட்டுட்டு எல்லாருக்கும் அதே ஐஎஃப்டி (கரண்ட் வைக்கிற ட்ரீட்மென்ட்) அதே ஹாட் பேக்னு ஓட்டினா எந்த ஊர்லயும் பலன் வராது.

5க்கு 4 கொடுப்பேன். காய்ச்சல், காரணமில்லாம எடை குறையுறது, மூத்திரம் அடைக்கிறது, உக்கார்ற இடம் மரத்துப்போறது, இந்த மாதிரி ஆபத்தான அறிகுறியெல்லாம் இந்தத் தாள்ல வராது, முதல்ல அதை வாயால கேட்டுடுங்க.