கையெழுத்து போட்டது ஃபீஸுக்கு இல்லை, கடனுக்கு

ராமநாதபுரம் டவுனில் மாடி மேல் ஒரு சென்டர். "ஆபீஸ் கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ், 6 மாதம், வேலை உறுதி" என்று போர்டு. பேரைப் போடவில்லை, கேஸ் போட்டிருக்கிறேன். இதே மாதிரி போர்டைப் பார்த்துவிட்டு படி ஏறப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் உச்சிப்புளி பக்கம். 36 வயது, பத்தாவது பாஸ். மண்டபம் போகிற ரோட்டில் ஒரு நண்டு கம்பெனியில் 9 வருடமாக வேலை. அவித்த நண்டை உடைத்து சதை எடுக்கிற டேபிளில் ஆரம்பித்து, இப்போது கிரேடு பார்க்கிறேன். ஜம்போ, லம்ப், ஸ்பெஷல், கிளா என்று டப்பாவைத் திறந்ததும் எதில் எது கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் தெரியாது. ஆபீஸில் எண்ட்ரி போட்ட பொண்ணு கல்யாணமாகிப் போனதும் மேனேஜர் கூப்பிட்டு, "எக்செல்லும் மெயில் படிக்கிற அளவு இங்கிலீஷும் கத்துக்கிட்டு வாங்கக்கா, அந்த சீட்டு உங்களுக்குத்தான்" என்றார். மாசம் 4,000 ரூபாய் கூட வரும். அந்த வாரமே ராம்நாட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். அது ஜனவரி.

சென்டரில் உட்கார்ந்திருந்த மேடம் முதலில் இங்கிலீஷில்தான் பேசினாங்க. நான் முழித்தேன். ஒரு பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க. இரண்டாவது வரியிலேயே நாக்கு சிக்கியது. "பாத்தீங்களாக்கா, இதுக்குத்தான் கோர்ஸே" என்று சிரித்தாங்க. இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்த நிமிஷமே பாதி காரியத்தை முடித்துவிட்டாங்க. கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறவள் எதையும் திருப்பிக் கேட்க மாட்டாள்.

ஃபீஸ் 28,000. இன்றைக்கே சேர்ந்தால் 24,000. கையில் 3,000 கட்டினால் போதும், மிச்சத்தை "இன்ஸ்டால்மென்ட்ல கட்டலாம், வட்டியே இல்ல, மாசம் 2,100 வீதம் பத்து மாசம்" என்றாங்க. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாங்க. ஒரு டேப்லெட்டை நீட்டி விரலால் கையெழுத்து போடச் சொன்னாங்க. அதில் இருந்தது எல்லாம் இங்கிலீஷ். "என்னம்மா இது?" என்று கேட்டேன். "அட்மிஷன் ஃபார்ம்தான்க்கா. ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." மூன்று முறை வந்தது. மூன்று முறையும் சொன்னேன்.

அந்த மூன்று ஓடிபியில் ஒன்று, எங்கேயோ இருக்கிற ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பேரில் 21,000 ரூபாய் கடன் எடுக்க. இன்னொன்று, மாசாமாசம் 5-ஆம் தேதி என் அக்கவுண்டில் இருந்து அவர்களே எடுத்துக்கொள்ள அனுமதி. கடன் பணம் முழுசும் அன்றைக்கே சென்டருக்குப் போய்விட்டது. இது எனக்குத் தெரிந்தது மே மாசம்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்ச்சில் 18 பேர், கம்ப்யூட்டர் 6, ஓடுவது 4. முதல் இரண்டு வாரம் பெயின்ட்டில் வீடும் தென்னைமரமும் வரைந்தோம். சொல்லிக்கொடுத்த தம்பி போன பேட்ச்சில் படித்தவனாம். எக்செல்லில் கூட்டல் வரைக்கும் வந்தோம். கம்பெனி பழைய இன்வாய்ஸ் ஒன்றைக் கொண்டுபோய், "இதைப் போடச் சொல்லிக் குடுப்பா" என்றேன். "சிலபஸ்ல இல்லக்கா" என்றான். இங்கிலீஷ் வகுப்பில் ஜெராக்ஸ் புத்தகத்தைப் பார்த்து கோரஸாக வாசிக்க வேண்டும். அட்டாச்மென்ட் என்றால் என்ன, கார்ட்டன் குறைந்தால் எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஜூன் 14 வரைக்கும் கரையில்தான். தடை இல்லாத சின்ன வள்ளங்களில் நண்டு வருவதால் எனக்கு வேலை இருந்தது, ஆனால் பிள்ளைகளின் ஸ்கூல் செலவும் அதே நேரம்தானே. தடைக்கால நிவாரணம் 8,000 கடைப் பாக்கிக்கே போனது. இதற்குள் அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டான். சென்டரில் "அடுத்த பேட்ச் ஆரம்பிக்கும்போது கூப்பிடுறோம்" என்றாங்க. வகுப்பு இல்லையே, பணம் எதற்கு என்று மே மாசம் அக்கவுண்டில் காசு வைக்கவில்லை. ஆறாம் தேதி ஒரு ஆள் போன் போட்டு, "லோன் கட்டலையே, உங்க சிபில் ஸ்கோர் போயிரும், இனி எங்கயும் கடன் கிடைக்காது" என்று இந்தியும் தமிழும் கலந்து அதட்டினான். எந்த லோன் என்று நான் கேட்டதற்கு அவன் சிரித்தான். வங்கி ஒரு அபராதம், ஃபைனான்ஸ் ஒரு அபராதம். ஜூனிலும் அதே கதை.

சென்டருக்குப் போய் சத்தம் போட்டேன். சமாதானத்துக்குக் கையில் ஒரு சர்டிபிகேட்டைத் திணித்தாங்க. தங்க நிற சீல், "அரசு பதிவு பெற்றது", ஐஎஸ்ஓ 9001. நான் எழுதாத பரீட்சையில் 92 மார்க். டேலி என்ற கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர் பாடத்தில்கூட. டேலியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் கம்பெனி அக்கவுண்டன்ட் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விளக்கினார். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு அலுவலகம் முறைப்படி நடக்கிறது என்று தனியார் ஏஜென்சிகள் கொடுப்பது, பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உத்யம் பதிவு என்பது சிறுதொழில் நடத்துகிற யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் இலவசமாகப் போட்டுக்கொள்வது. அதை வைத்துத்தான் "அரசு பதிவு" என்று எழுதுகிறார்களாம். அரசு வேலைக்குச் செல்லுகிற கம்ப்யூட்டர் சர்டிபிகேட் வேண்டுமென்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற சிஓஏ பரீட்சை இருக்கிறது, டைப்பிஸ்ட் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி கேட்பது அதைத்தான். மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்துகிற சிசிசி என்ற அடிப்படைக் கம்ப்யூட்டர் கோர்ஸ் 80 மணி நேரப் படிப்பு. சேரும் முன் "எந்தப் பரீட்சை, யார் நடத்துவாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்டது பஸ் எத்தனை மணிக்கு என்று.

பிறகு செய்தவை. 1915-க்கு போன் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசினாங்க. புகார் எண் கிடைத்தது, சென்டர் பதிலே போடவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். 30 நாள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், காசு கிடையாது. போனேன். ஆகஸ்டில் ஃபைனான்ஸ் கம்பெனி அவர்களுடைய அபராதத்தைத் தள்ளுபடி செய்தாங்க. கடன் கடன்தான். ஜூலையில் இருந்து திரும்பக் கட்டுகிறேன்.

அந்தப் புகாருக்காகக் கடன் பத்திரத்தை மெயிலில் வாங்கினேன். நான்கு பக்கம். அண்ணன் பக்கத்தில் இருக்க, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் படித்தேன். நான் முழுசாகப் படித்த முதல் இங்கிலீஷ் அதுதான். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கடனை வேண்டாம் என்று திருப்பிவிட ஒரு குறுகிய அவகாசம் இருந்ததும் அதில்தான் இருக்கிறது. நான் ஜனவரியிலேயே அந்தப் பத்திரத்தைக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நடந்து 2 வருடத்துக்குள் போட்டால் சரி. ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ், வருகைக் கையெழுத்து நோட்டின் போட்டோ எல்லாம் வைத்திருந்தது உதவியது. நோட்டைப் போட்டோ எடுத்தது என் மகள், சும்மா என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று.

இதற்கு நடுவில் "பிளேஸ்மென்ட்" என்று ஒரு போன் வந்தது. திருப்பூரில் டேட்டா எண்ட்ரி, முதலில் 2,000 டெபாசிட். வைத்துவிட்டேன்.

ஆபீஸ் வேலையை இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணனிடமே ஒரு மணி நேரம் கற்றுக்கொள்கிறேன், பழைய இன்வாய்ஸ்களை வைத்தே. ஃபில்டர் போட வருகிறது. போன வாரம் வாங்குபவருக்கு ஒரு மெயிலை நானே எழுதினேன், அண்ணன் இரண்டு இடம் திருத்தினார். சீட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மேனேஜர் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் தவணை போய்விட்டது. இன்னும் 4 இருக்கிறது.