செங்கோட்டை ஓட்டு வீட்டில் மூன்று வருட ரெக்கார்டிங்

நாங்கள் மூன்று பேர். எனக்குக் கிதாரும் பேஸும். கீபோர்டு வாசிக்கிற தம்பி தென்காசியில் இருக்கிறான். டிரம்ஸ் வாசிக்கிற அண்ணனுக்குப் புனலூர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பம். ஆறு ப்ராக் ராக் (தாளமும் வேகமும் அடிக்கடி மாறும் நீளமான ராக்) பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்வது என்று இறங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. நான்கு பாடல்கள் தயார். இதில் பெரிய பாடல் 11 நிமிடம் ஓடும், அதற்குள் தாளம் நான்கு முறை மாறும். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டுடியோவில் உட்கார்ந்து தேடிப் பிடிக்கிற விஷயம் இல்லை இது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய லேப்டாப், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஷூர் எஸ்எம்57 ஒன்று, கண்டென்சர் மைக் ஒன்று, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், எங்களைப் போன்றவர்களுக்கான உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடுகிறது. எஸ்எம்57 சந்தைக்கு வந்தது 1965-ல். கிதார் ஆம்ப் (ஒலிபெருக்கி) முன்னால் வைக்க இன்றுவரை எனக்கு வேறு மைக் தேவைப்படவில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். 11 நிமிடப் பாட்டை 20 டேக், அதாவது 20 தடவை வாசித்து எடுத்தால் கிட்டத்தட்ட 2 ஜிபி. அதனால் வேண்டாத டேக்குகளை அன்று ராத்திரியே அழித்துவிட்டு, மிச்சத்தை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிய பிறகுதான் படுக்கப் போவேன்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது கருவி இல்லை, டெம்போ மேப். எந்த இடத்தில் என்ன வேகம், எத்தனை எண்ணிக்கை, எங்கே மாறுகிறது என்பதை ஒரு ஸ்வரம்கூடப் பதிவு செய்யும் முன் மென்பொருளில் குறித்துவைப்பது. முதல் வருடம் இதைச் செய்யவில்லை. நிமிடத்துக்கு 132 தட்டு வேகத்தில் கிதார் முழுவதும் வாசித்து முடித்த பிறகு, பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று 126-க்கு இறக்கினோம். அத்தனையையும் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. இப்போது கீபோர்டு தம்பி மேப்பின் மேல் ஒரு கச்சா டிராக் போட்டு அனுப்புவான். மூன்று பேரும் இரண்டு வாரம் பஸ்ஸிலும் நடையிலும் அதையே கேட்போம். அப்புறம்தான் பூட்டுவது. பூட்டிய பிறகு யாரும் தொடக் கூடாது.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றாவது பாட்டில் 7/8-ம் 5/8-ம், அதாவது ஏழு எண்ணிக்கையும் ஐந்து எண்ணிக்கையும் மாறி மாறி வரும். இரண்டும் சேர்ந்தால் 12. ஒருவர் தவறிப்போய் 5, 7 என்று திருப்பி வாசித்தாலும் 12 முடியும் இடத்தில் எல்லோரும் சரியாக வந்து சேர்ந்துவிடுவார்கள். தப்பு தெரியவே தெரியாது. மிக்ஸிங்கில் உட்கார்ந்தபோதுதான் பேஸும் டிரம்ஸும் உள்ளே முட்டிக்கொள்வது காதில் பட்டது. வேகம் காட்டக் காதில் ஓடும் 'டிக் டிக்' கிளிக் எல்லாமே ஒரே மாதிரி ஒலிப்பதால் முதல் எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்று அதில் பிடிக்க முடியவில்லை. கிளிக்கை நிறுத்திவிட்டு, “தகிட தகதிமி, தக தகிட” என்று என் குரலில் முழுப் பாட்டுக்கும் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன். கர்நாடக இசையில் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபும் ஐந்து எண்ணிக்கை கண்ட சாபும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபட்டுவிடுகிறது. அண்ணன் மூன்றாவது டேக்கில் முடித்து அனுப்பினார். அன்றிலிருந்து எல்லாப் பாட்டுக்கும் இந்தச் சொற்கட்டு டிராக்தான் முதல் டிராக்.

அடுத்தது ஊர்க் காலண்டர். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனில் சாரல் ஆரம்பித்துவிட்டால் ஓட்டுக் கூரையில் விடாத இரைச்சல். ஃபேன் உறுமலைப் போலத் தாழ்ந்த ஒலி என்றால் ஃபில்டர் போட்டு வெட்டிவிடலாம். மழைச் சத்தம் மேலிருந்து கீழ்வரை எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும், கிதாரை விட்டுவிட்டு அதை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஈரக் காற்றில் கண்டென்சர் மைக்கும் பொரியத் தொடங்கும். ஆகவே ஆனி, ஆடி, ஆவணியில் மைக்கைத் திறப்பதே இல்லை. சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்விடும். அந்த மாதங்களில் பேஸை நேராக இன்டர்ஃபேஸில் செருகி எடுப்போம், கீபோர்டை மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்ற தகவலாக) பதிவோம், எடிட்டிங் பார்ப்போம். ஐப்பசியில் வடகிழக்கு மழை. கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ராப்பகலாகப் போகும். மிஞ்சுவது தை பாதியிலிருந்து பங்குனி வரை, அதிலும் ராத்திரி 10 மணிக்கு மேல். பங்குனியில் ஃபேனை நிறுத்தினால் விரல் வழுக்கும். 25 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் துடைத்துக்கொள்ள வேண்டும். பாடும்போது முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிறுத்திவைப்போம், அறை எதிரொலி நன்றாகவே அடங்குகிறது.

நாள் இவ்வளவு குறைவு என்பதால், பாட்டு வாரியாகப் பதிவு செய்வதை விட்டுவிட்டு ஒலி வாரியாகத் திட்டமிடுகிறோம். ஒரு ராத்திரி முழுக்க டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக ஒலிக்கும் கிதார், நான்கு பாட்டிலும் அது வருகிற இடங்கள் மட்டும். மைக் நகராது, ஆம்ப் குமிழ்கள் திரும்பாது. ஸ்பீக்கர் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி மைக். ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் சிவப்புத் தரையில் சாக்பீஸ் வட்டம். குமிழ்களைப் போனில் படம் எடுத்துவைப்பேன். ஒரு தடவை படம் எடுக்க மறந்து, இரண்டு வரி திருத்துவதற்காக அதே ஒலியைத் தேடி ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

கோடையில் ஆம்பில் உறுமல் கூடியது. கிதார் கம்பியைத் தொட்டால் அடங்கும், விட்டால் வரும். வயரிங் பார்க்கிற அண்ணாச்சி வந்து, எர்த் குழி காய்ந்து கிடக்கிறது என்று தண்ணீர் ஊற்றச் சொன்னார். இப்போது மாசியிலிருந்து வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றுகிறோம்.

டிரம்ஸ்தான் இன்னும் முழுத் திருப்தி இல்லாத இடம். அண்ணன் புனலூரில் எலக்ட்ரானிக் கிட்டில் வாசித்து மிடி அனுப்புகிறார். ஸ்நேரும் கிக்கும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன, ரப்பர் சிம்பல் மட்டும் மெல்லிய வாசிப்பில் உயிரில்லாமல் ஒலிக்கிறது. அதனால் நிஜ ரைடு, ஹை-ஹாட் சிம்பல்களைத் தூக்கிக்கொண்டு அவர் ரயிலில் வருகிறார். 2018-ல் அகலப் பாதை திறந்ததிலிருந்து அது ஒரு பெரிய உதவி. இருக்கிற இரண்டு மைக்கும் அவருக்கே. திரும்பும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் எந்தப் பாட்டின் எந்த நிமிடம் முதலில் என்று முந்தின நாளே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

ஐந்தாவது பாட்டின் மேப் போன வாரம் பூட்டியாகிவிட்டது. சொற்கட்டு டிராக்கும் அனுப்பியாயிற்று. வெளியே சாரல் அடிக்கிறது, பேஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.